சவடால் இல்லை என்று நிரூபித்தேன்

"இந்தக் கால் இனித் திருச்சுழி மண்ணை மிதிக்காது" என்று அறிவித்தேன். சொல்லும்போது வலது கையை உயர்த்தி, குளித்துத் துவட்டிய ஈரத்துண்டைத் தோளில் ஓங்கிப் போட்டேன்.

விஷயம் இதுதான். திருச்சுழியில் என் மச்சான் ஐயாத்துரை தன் மகளுக்குக் காதுகுத்து வைத்திருக்கிறார். குலசாமி கோயிலில் கெடா வெட்டு. வீட்டு மாப்பிள்ளையைத் தட்டில் வெற்றிலை பாக்கு வைத்து நேரில் அழைப்பதுதான் எங்கள் பக்கத்து முறை. அவரோ பத்திரிகையைப் போனில் அனுப்பிவிட்டார். கூடவே ஒரு கும்பிடு பொம்மை.

"அருப்புக்கோட்டையில வீரபாண்டின்னு ஒருத்தன் மானத்துக்காகக் கறிச்சோத்தையே துறந்தான்னு ஊரு பேசணும்" என்றேன்.

என் மனைவி மாரீஸ்வரி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"சவடாலு" என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. "சவடால்னா என்னன்னு தெரியுமா ஒனக்கு?"

"தெரியாம என்ன? பதினாறு வருசமா ஒங்களோடதான குடும்பம் நடத்துறேன்."

"வாய்வீச்சு இருக்கும், காரியம் இருக்காது. அதுக்குப் பேருதான் சவடால். நான் சொன்னதைச் செய்யுறவன்."

"அப்ப போகமாட்டீக?"

"மாட்டேன்."

"பாப்போம்."

உங்களிடம் சொல்வதற்கென்ன, எனக்குப் போகத்தான் ஆசை. மச்சான் தட்டோடு வருவார், நான் முறுக்குவேன், அவர் கெஞ்சுவார், நான் இரங்குவேன். இதுதான் திட்டம். ஈரல் வறுவல் நினைப்பிலேயே ஒரு வாரம் ஓடியது.

சனிக்கிழமை சாயங்காலம் மச்சான் வந்தேவிட்டார். தட்டு, வெற்றிலை, பழம், வேட்டி, எதிலும் குறையில்லை.

"என் தப்புதான் மாப்பிள. மனசுல வச்சுக்கிறாதீக. காலையில மொத பஸ்ஸுக்கே வந்துருங்க."

எனக்கு முறுக்கவே மனசு வரவில்லை. தட்டை வாங்க இரண்டு கையையும் நீட்டிவிட்டேன். அடுப்படியிலிருந்து மாரீஸ்வரி குரல் கொடுத்தாள்.

"வாங்கிக்கிருவாக அண்ணே. வரமாட்டேன்னு சொன்னதெல்லாம் சும்மா சவடாலு."

நீட்டிய கை தானாக மேலே போனது. "அந்தக் குலசாமியே தட்டெடுத்து வந்தாலும் இந்த வீரபாண்டி வாக்கு மாறாது" என்றேன். மச்சான் மிரண்டுபோய், டீகூடக் குடிக்காமல் கிளம்பிவிட்டார். வேட்டியையும் எடுத்துக்கொண்டு போனார்.

ஞாயிறு காலை மாரீஸ்வரி பிள்ளைகளோடு புறப்பட்டாள். வாசலில் நின்று திரும்பினாள்.

"நீங்க சவடால் ஆளு இல்ல. நாந்தான் தப்பாச் சொல்லிட்டேன்."

கேட்கப் பெருமையாகத்தான் இருந்தது. பழைய சோற்றைப் பிழிந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தபோது கொஞ்சம் அழுகையாகவும் இருந்தது.

கதவு தட்டப்பட்டது. பக்கத்து வீட்டு மூக்கம்மாள். அவள் காலடியில் ஏழெட்டுக் காலிக் குடங்கள்.

"அண்ணே, பத்து நாள் கழிச்சு இன்னைக்கித்தான் குழாயில தண்ணி விடுறாக. நாங்க காரியாபட்டிக்கு ஒரு கல்யாணத்துக்குப் போறோம். எங்களுக்கும் சேத்துப் பிடிச்சு வச்சுருங்க. ஞாயித்துக்கெழம நீங்க எங்கயும் போகமாட்டீக, வீட்டுலதான் இருப்பீகன்னு மாரீஸ்வரி போன வாரமே சொல்லிட்டா."