கொம்பு உதிரும் பெட்டி

ஒரு காட்டில், அதிலும் செல்பேசிக் கோபுரம் முளைத்துவிட்ட ஒரு காட்டில், செங்கமலம் என்று ஓர் எறும்புதின்னி இருந்தாள். எதையும் தீர விசாரிக்காமல் நம்பமாட்டாள். யாராவது ஒரு செய்தியை அனுப்பினால், எழுதியது யார், எப்போது எழுதியது என்று பார்த்துவிட்டுத்தான் அடுத்த வரியைப் படிப்பாள். இதனால் அவளுக்கு அறிவு அதிகம், நண்பர்கள் குறைவு.

ஒருநாள் கரடிமலையிலிருந்து மருமகன் பேசினான். "அத்தை, அலமேலுவுக்கு இடுப்பு வலி எடுத்துக்கும்போல இருக்கு. உங்களையே கேட்டுக்கிட்டு இருக்கா. வந்துடுங்க."

அலமேலு ஒரே மகள். தலைப்பிரசவம். செங்கமலத்துக்குக் கை கால் ஓடவில்லை. ஆனாலும் பதறிப்போய்க் கிளம்பிவிடவில்லை. செல்பேசியை எடுத்துக் கரடிமலைக்கு ரயில் தேடினாள்.

முதலில் வந்தது ஒரு கொக்கின் விளம்பரம். 'இங்கே தொட்டால் உடனே சீட்டு' என்றிருந்தது. அவள் தொடவில்லை. அடுத்து ஒரு நரி, கரடிமலை ரயிலைப் பற்றி யாருக்கும் தெரியாத ரகசியங்களை வீடியோவில் சொல்லிக்கொண்டிருந்தது. தேதியைப் பார்த்தாள். முந்தின வருஷத்தது. தள்ளிவிட்டாள். கடைசியில் ரயில்வேயின் சொந்தப் பக்கத்தைக் கண்டுபிடித்து அடிவரை படித்தாள். அடியில் எறும்பு அளவு எழுத்தில் ஒரு விஷயம் இருந்தது. எறும்பு விஷயத்தில் அவள் கண்ணுக்கு எதுவும் தப்பாது. இந்த மாதத்திலிருந்து நாவல் ஜங்ஷனில் பின்பக்கப் பெட்டிகளைக் கழற்றி உப்பளக்காட்டு வண்டியோடு சேர்த்துவிடுவார்களாம். முன்பக்கப் பெட்டிகள் மட்டுமே கரடிமலை போகும்.

'நல்லவேளை பார்த்தோம்' என்று நினைத்துக்கொண்டு, மகளுக்குப் பிரசவ மருந்தும் பழைய சேலைத் துணியும் கட்டிக்கொண்டு மறுநாள் காலையிலேயே ஸ்டேஷனுக்குப் போய்விட்டாள்.

வண்டி வந்தது. கூட்டமும் வந்தது. முன்பக்கம் போகவேண்டும் என்று அவளுக்குத் தெரியும், கூட்டத்துக்குத் தெரியாது. அது அவளை அப்படியே அள்ளிக் கடைசிப் பெட்டிக்குள் போட்டது. பெட்டி முழுக்கக் கரடிமலைக்குப் போகும் ஒரு கல்யாணக் கோஷ்டி. மாப்பிள்ளைக் காட்டெருமை கொம்புக்கு வர்ணம் பூசிக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தது. உறவுக்கார மான்கள், கடமான்கள், வரையாடுகள் எல்லாம் மூட்டை முடிச்சோடு நடைபாதையை அடைத்துக்கொண்டிருந்தன. முன்பெட்டிக்குப் போகும் வழியில் அண்டா குண்டாவெல்லாம் மலைபோல் கிடந்தன. இடையில் இறங்கி ஓடலாம் என்றால், வண்டி எங்கேயும் நின்று பேசவில்லை. எறும்புதின்னியின் நடையோ எல்லாருக்கும் தெரிந்ததே.

கோஷ்டிக்குப் பெரியவர் முத்துக்கருப்பு, மாப்பிள்ளையின் அப்பா. அவர் மனைவி சீனியம்மா நல்ல மாதிரி. உட்கார இடம் கொடுத்தாள், தின்ன முறுக்குக் கொடுத்தாள், மாப்பிள்ளை படம் அனுப்புகிறேன் என்று நம்பரை வாங்கிக் கல்யாணக் குழுவிலும் சேர்த்துவிட்டாள்.

செங்கமலம் முத்துக்கருப்பிடம் மெதுவாகச் சொன்னாள். "அண்ணே, இந்தப் பெட்டி கரடிமலைக்குப் போகாது. நாவல் ஜங்ஷன்ல கழட்டிருவாங்க. எல்லாரும் முன்னாடி போயிடலாம்."

"யாரும்மா சொன்னது?"

அவள் ரயில்வேயின் பக்கத்தைத் திறந்து காட்டினாள். அவர் அதை உற்றுப் பார்த்துவிட்டு, "இதெல்லாம் யாரு வேணா எழுதலாம் தாயி" என்றார்.

"ரயில்வேயே எழுதியிருக்கு அண்ணே."

"அதைத்தான் சொல்றேன். எங்க மச்சான் போன வருஷம் இதே பெட்டியில போயிட்டு வந்தார்."

சீனியம்மாவும் எட்டிப் பார்த்தாள். "ஒரு பூப்படம் இல்ல, கைகூப்புற படம் இல்ல. வெறும் எழுத்தா இருக்கு. எப்படிம்மா நம்புறது?"

செங்கமலம் மான்களிடம் சொன்னாள். அவை மாப்பிள்ளை வீட்டாரைக் கேட்கச் சொல்லின. வரையாடுகள் தூங்குவதுபோல் கண்ணை மூடிக்கொண்டன. அடுத்தது நாவல் ஜங்ஷன். மகள் வலியில் தன்னைக் கூப்பிடுவதுபோல் அவளுக்கு இருந்தது. ஒரு மூலையில் சுருண்டுகொண்டாள். வாழ்நாளில் செய்யாத ஒரு காரியத்தைச் செய்ய செல்பேசியை எடுத்தாள்.

'அவசரம். பெரிய ஆஸ்பத்திரி டாக்டர் யானை சொன்னது. ரயிலில் கடைசிப் பெட்டிகளில் உட்காருகிறவர்களுக்குக் கொம்பு உதிர்கிறது. நாவல் ஜங்ஷன் தாண்டினால் திரும்ப முளைக்காது. உங்கள் மேல் அன்புள்ளவர்களுக்கு அனுப்புங்கள்.'

ஒருமுறை படித்துப் பார்த்தாள். எழுத்துப் பிழையே இல்லை. இது சந்தேகத்தைக் கிளப்பும் என்று தோன்றவே, இரண்டு பிழைகளை நுழைத்து, ஒரு பூப்படத்தையும் வைத்துக் குழுவில் போட்டாள்.

பெட்டியில் செல்பேசிகள் வரிசையாகக் கிணுகிணுத்தன. எல்லாத் தலைகளும் குனிந்தன. பிறகு மாப்பிள்ளை தன் கொம்பைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "அப்பா, லேசா ஆடுற மாதிரி இருக்கு" என்றது.

அவ்வளவுதான். அண்டாக்கள் பறந்தன. தூங்கிக்கொண்டிருந்த வரையாடுகள்தான் முதலில் முன்பெட்டிக்கு ஓடின. சீனியம்மா ஓடுகிற ஓட்டத்திலும் மூலையில் கிடந்தவளைப் பார்த்து, "உனக்குச் செதில் உதிர்ந்தா என்ன பண்ணுவே" என்று அவளைத் தூக்கி முதுகில் வைத்துக்கொண்டாள். சீனியம்மாவின் வெள்ளை மனசைப் பார்த்துச் செங்கமலத்துக்கு வெட்கமாக இருந்தது. ஆனால் இறங்கிக்கொள்ளவில்லை.

நாவல் ஜங்ஷனில் காலிப் பெட்டிகளைக் கழற்றி இழுத்துக்கொண்டு போனார்கள். முத்துக்கருப்பு அதை ஜன்னல் வழியாகப் பார்த்தார்.

"பார்த்தீங்களா, விஷயம் வெளிய தெரிஞ்சதும் பெட்டியையே மறைக்கிறாங்க" என்றார்.

செங்கமலம் சொல்ல வாயெடுத்தாள். பிறகு சீனியம்மா கொடுத்த முறுக்கை அந்த வாயில் போட்டுக்கொண்டாள்.

பொழுது சாய்வதற்குள் கரடிமலை வந்துவிட்டது. அலமேலு அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டுதான் பெற்றாள். பெண் குழந்தை. பிறந்ததும் பாட்டியின் வாலைப் பற்றிக்கொண்டது.

மறுநாள் அலமேலு கஞ்சி குடித்துக்கொண்டே, "அம்மா, நீங்க முன்பெட்டியில வந்தீங்களா, பின்பெட்டியிலயா?" என்று கேட்டாள்.

"ஏன் கேக்குறே?"

"பின்பெட்டியில ஏதோ காத்து அடிக்குதாம். கொம்பு, செதில், தோகை எல்லாம் கொட்டிப்போகுதாம். இங்க ஆஸ்பத்திரியிலேயே போர்டு வச்சுட்டாங்க."

செங்கமலத்துக்குச் சிரிப்பு வந்தது. இருந்தாலும் விசாரிக்காமல் சிரிக்கிற வழக்கம் அவளுக்கு இல்லை. செல்பேசியை எடுத்துத் தேடினாள். ஒரு செய்தித்தளத்தில், பாதிக்கப்பட்ட கடமான் ஒன்று பேட்டி கொடுத்திருந்தது. இன்னொன்றில், தோல் மருத்துவரான ஓர் ஆமை இதை முன்பே எச்சரித்ததாகச் சொல்லியிருந்தது. கடைசியாக ரயில்வேயின் சொந்தப் பக்கத்துக்குப் போனாள். 'பயணிகளின் பாதுகாப்பு கருதி, கொம்பும் செதிலும் உள்ளவர்கள் பின்பெட்டிகளைத் தவிர்க்கவும்' என்று இந்தத் தடவை பெரிய எழுத்திலேயே போட்டிருந்தார்கள். எழுதியது யார் என்று பார்த்தாள். ரயில்வேதான். தேதி பார்த்தாள். இன்றையதுதான்.

"நிஜமாம்மா?" என்றாள் அலமேலு.

செங்கமலம் வெகுநேரம் யோசித்தாள். முதுகுச் செதில்களை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்துக்கொண்டாள்.

"நான் சொன்னப்போ அது பொய்தான்" என்றாள். "ஆனா இப்ப இத்தனை பெரியவங்க சொல்றாங்களே. ஏதோ இருக்குன்னுதான் தோணுது."

குழந்தையைப் பார்க்க அடுத்த வாரம் வருவதாக இருந்த சம்பந்தியம்மாவுக்கும் உடனே அதை அனுப்பிவைத்தாள்.

நீதி: உண்மையைத் தேடி ரொம்ப அலையக் கூடாது. ஒன்றை நாமே கிளப்பிவிட்டுவிட்டுப் பொறுமையாக இருந்தால், அதுவே உண்மையாகி நம் வீட்டு வாசலுக்கு வந்து சேரும்.