கான்செப்ட் அண்ணனின் வலது கை

தன்னுடைய ரத்தம் உடம்பைவிட்டு வெளியே போய்க் குழாயில் ஓடிக்கொண்டிருக்கும்போது டிராகன் வரைந்த மனிதர் மலேசியாவின் கெடா மாநிலத்திலேயே ஒருவர்தான். எங்கள் கான்செப்ட் அண்ணன். வேறு யாராவது உண்டு என்று சொல்பவர்கள் அந்த ஆளைக் கொண்டுவந்து என் முன்னால் நிறுத்தட்டும்.

சுங்கைப் பட்டாணியில் ஒரு கடைவரிசையின் மாடியில் இருக்கிறது நாங்கள் போகும் டயாலிசிஸ் நிலையம். சிறுநீரகம் கைவிட்டவர்கள் ஒருநாள் விட்டு ஒருநாள் வந்து, இடது கையை நீட்டி, இரண்டு தடித்த ஊசிகளை வாங்கிக்கொண்டு, அரை நாள் நாற்காலியில் சாய்ந்து கிடக்க வேண்டும். அந்த ஊசிக்குத் தோதாக முன்கூட்டியே கையில் ஆபரேஷன் செய்து நரம்பைப் புடைக்க வைத்துவிடுவார்கள். ஊசி ஏறியபின் பெரும்பாலோர் தூங்குவார்கள். சிலர் டிவி பார்ப்பார்கள். நான் அடுத்து யார் போவார் என்று யோசித்துக்கொண்டு கிடப்பேன். என் பெயர் வரும்போது மட்டும் யோசனையை நிறுத்திவிடுவேன்.

இந்த அழகான சபைக்குத்தான் அண்ணன் வந்து சேர்ந்தார். தொழிற்சாலைக் கிடங்கில் பெட்டி தூக்கியவர், ஐம்பதைத் தாண்டியவர், பக்கத்து நாற்காலி. முதல் நாளே மகளின் பழைய டேப்லெட்டை மடியில் சாய்த்து வைத்து, திரையில் வந்த தாடிக்கார வெள்ளைக்கார இளைஞனுக்கு ஒற்றைக் கையால் வணக்கம் போட்டார்.

"யாருண்ணே அது?"

"என் வாத்தியாரு. சினிமாவுக்கு, கேமுக்கு எல்லாம் ராட்சசன், கோட்டை, ஆகாயக்கப்பல் வரைவான்ல, அந்த வேல. கான்செப்ட் ஆர்ட். சும்மா சொல்லிக் குடுக்கிறான் தம்பி, ஒரு காசு வேணாம்."

"அவன் பேசுற இங்கிலீஷ் புரியுதா உங்களுக்கு?"

"அவன் வாய எதுக்கு நீ பாக்கிற? கைய பாரு லா."

வரைந்ததைப் பார்த்து யார் என்ன குறை சொன்னாலும் அவரிடம் ஒரே பதில்தான். "இது முடிஞ்ச படம் இல்ல, கான்செப்ட்." குதிரைக்கு ஐந்து கால் இருந்தால் கான்செப்ட். கோட்டை சரிந்து நின்றால் கான்செப்ட். எடை கூடிப்போச்சு என்று நர்ஸ் கமலா சிஸ்டர் அதட்டியபோது, "அது கான்செப்ட் வெயிட் சிஸ்டர்" என்றார். அன்றைக்கே அவருடைய சொந்தப் பெயர் போயே போய்விட்டது.

ஒருநாள் வாத்தியார், இல்லாத மிருகத்தை வரைய வேண்டுமானால் இருக்கிற மிருகத்தைக் கையில் வைத்துப் பார் என்று பாடம் நடத்தியிருக்கிறார். அண்ணன் மோட்டோவை எடுத்துக்கொண்டு மீன்பிடி ஊரான தஞ்சோங் டாவாய் போய், டிராகன் தோலுக்கு மாதிரியாக ஒரு பை நிறையக் கருவாடு வாங்கி வந்துவிட்டார். சிறுநீரகம் போனவனுக்குக் கருவாடு என்பது உப்பில் ஊறிய எமன். நாற்காலிக்கு அடியிலிருந்து வாசம் கிளம்பியதும் தூங்கியவர்கள்கூட எழுந்து எச்சில் விழுங்கினார்கள். கமலா சிஸ்டர் மோப்பம் பிடித்தபடி வந்து நின்றார்.

"யாரு இத உள்ள கொண்டாந்தது?"

"திங்கிறதுக்கு இல்ல சிஸ்டர், சத்தியமா. ரெஃபரன்ஸ்!"

சிஸ்டர் பையைத் திறந்து ஒரு கருவாட்டை வாலைப் பிடித்துத் தூக்கினார். "ரெஃபரன்ஸுக்கு பாதி உடம்பக் காணோமே. டிராகன் தின்னுடுச்சா?"

அண்ணன் டேப்லெட்டுக்குள் தலையைப் புதைத்துக்கொண்டார். தின்ற உப்புக்கு அன்று அவர் உடம்பிலிருந்து இயந்திரம் கூடுதலாகத் தண்ணீர் இழுத்தது. கால் தசை பிடித்து அலறினார். அலறி முடித்ததும் செதில் வரைந்தார்.

அடுத்த பாடம் அருவி. எங்களுக்கு ஒரு நாளைக்கு அளந்து கொடுக்கும் தண்ணீர் நாக்கை நனைக்கவே பற்றாது. அந்தக் கூட்டத்தின் நடுவில் இவர் டேப்லெட்டில் சத்தத்தைக் கூட்டி வைத்துக்கொண்டு, பாறைமேல் தண்ணீர் விழுந்து சிதறுவதைப் படித்துக்கொண்டிருந்தார். "அடோய், அத மூடு லா! மனுசனா நீ?" என்று எதிர் வரிசையிலிருந்து ஒரு தலையணை பறந்து வந்தது.

பிறகு எங்களை வரையத் தொடங்கினார். செமிலிங் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டி ஓய்ந்த லெட்சுமி அக்காவை, பால்வெட்டும் கத்தியை ஏந்திய போர்த் தலைவியாக, உடம்பெல்லாம் கவசத்தோடு, முன்பக்கம், பக்கவாட்டு, பின்பக்கம் என்று மூன்று விதமாக வரைந்து காட்டினார்.

"என்னா லா இது, என் முதுகு இவ்ளோ கோணலாவா இருக்கு?" என்றார் அக்கா.

"பேக் வியூ அப்படித்தான் இருக்கும்க்கா. கான்செப்ட்."

முகத்தைச் சுளித்தாலும், அக்கா அந்தப் படத்தைக் கைப்பேசியில் வாங்கிக்கொண்டார்.

லெட்சுமி அக்கா ஒருநாள் வரவில்லை. அடுத்த முறை அவர் நாற்காலியில் புது ஆள் உட்கார்ந்திருந்தார். எங்கள் ஊரில் நாற்காலிக்குக் காத்திருப்பவர்கள் அதிகம். இறப்பு வீட்டுக்குப் போன எங்களுக்குத் தூக்கிவாரிப்போட்டது. அடையாள அட்டைப் படத்தைத் தவிர வேறு படமே இல்லாத அந்த வீட்டில், அக்காவின் கைப்பேசியிலிருந்து எடுத்ததைப் பெரிதாக்கி மாலை போட்டிருந்தார்கள். கவசம், கத்தி, பின்னால் தீப்பற்றி எரியும் வானம். சடங்கு செய்ய வந்த பெரியவர் படத்தைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டு, "உங்க குலசாமியா?" என்று கேட்டார்.

"எங்கம்மாங்க" என்றான் மகன். சொல்லும்போது கொஞ்சம் நிமிர்ந்து நின்றான். கான்செப்ட் அண்ணன் வாசலுக்குப் போய் மோட்டோ பக்கத்தில் நின்று மூக்கைச் சிந்தினார்.

அதற்கப்புறம் அவருடைய இடது கை அடைத்துக்கொண்டது. ஊசி போடும் நரம்பில் ரத்தம் உறைந்துவிட்டது, அந்தக் கையில் இனி எதுவும் தேறாது, வலது கையில் ஆபரேஷன் செய்தாக வேண்டும் என்றார் டாக்டர். ஏற்கெனவே அந்த ஆபரேஷனுக்குப் பிறகு அண்ணனின் இடது கை விரல்கள் மரத்துப்போய்ச் சட்டைப் பொத்தானைக்கூடப் போட முடியாமல் இருந்தன. வலது கையும் அப்படி ஆகலாம், ஆகாமலும் போகலாம் என்றார் டாக்டர். தற்காலிகத்துக்குக் கழுத்தில் குழாய் போடலாம், ஆனால் நாள்பட வைத்தால் கிருமி ஏறி உயிரையே குடித்துவிடும் என்றும் சொன்னார்.

"கழுத்துலயே போடுங்க டாக்டர்" என்றார் அண்ணன். "கழுத்தால நான் வரையறது இல்ல."

சிரித்தோம். அவர் விளையாடவில்லை என்பது போகப்போகத்தான் தெரிந்தது. ஆபரேஷனுக்குக் கொடுத்த தேதிகளை ஒவ்வொன்றாகத் தள்ளிப்போட்டார். அவர் மனைவி அழுது பார்த்தார். கமலா சிஸ்டர் கழுத்துக் கட்டை மாற்றும்போதெல்லாம் திட்டிக்கொண்டே மாற்றினார். நானும் விடவில்லை.

"உயிர் இருந்தாத்தானேண்ணே வரைய முடியும்?"

"தம்பி, இந்தக் கை அத்தன வருசமா கம்பெனிக்கு பெட்டி தூக்குச்சு. வீட்டுக்கு சமையல் கேஸ் தோங் தூக்குச்சு. இப்பதான் எனக்குன்னு ஒரு வேல செய்யுது. இதயும் குடுக்க சொல்றியா?"

அப்புறம் நான் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை.

இரண்டு கையிலும் ஊசி இல்லாத அந்த நாள்களில்தான் அவர் பிரமாதமாக வரைந்தார். கடைசியாக ஒரு பெரிய படத்தை என் பக்கம் திருப்பிக் காட்டினார். எங்கள் அறைதான். நாங்கள் எல்லோரும் வாயைப் பிளந்து தூங்குகிறோம். எங்கள் நாற்காலிகளைச் சுற்றி ஒரு பெரிய டிராகன் வளைந்து படுத்து, கதவைப் பார்த்தபடி விழித்திருக்கிறது. அதன் கண்ணில் கமலா சிஸ்டரின் முறைப்பு அப்படியே இருந்தது. அருமையாக இருக்கிறது என்று மனதாரச் சொன்னேன்.

"இது கான்செப்ட் இல்ல தம்பி" என்றார். "முடிஞ்ச படம்."

அடுத்த ஆபரேஷன் தேதிக்குக் கட்டாயம் போகிறேன் என்று சிஸ்டரிடம் தாமாகவே சொன்னார். அதற்குள் குளிர்காய்ச்சல் வந்துவிட்டது. கழுத்துக் குழாய் வழியாகக் கிருமி ரத்தத்தில் ஏறிவிட்டது என்றார்கள். ஆஸ்பத்திரிக்குப் போனவர் திரும்பவில்லை.

அவர் வீட்டுக்குக் கோபத்தோடுதான் போனேன். செத்த மனிதரென்றும் பார்க்காமல் நாலு வார்த்தை கேட்டுவிட வேண்டும் என்றிருந்தது. போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். எங்கள் எல்லோர் கையும் தழும்பும் முடிச்சுமாகப் பார்க்கச் சகிக்காது. அவருடைய வலது கையில் ஒரு கீறல் இல்லை. டேப்லெட் பேனா பிடித்த நடுவிரலில் மட்டும் சின்னதாக ஒரு காய்ப்பு இருந்தது. பாவி மனுசன், காப்பாற்றிவிட்டார். நேரமாகிவிட்டது என்று யாரோ என் தோளைத் தொடும்வரை அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.