டிட்மர் கம்பெனி யாருடையது?

மூஸ் ஹாலோ,
மே மாதம், செவ்வாய்க்கிழமை

அன்புத் தங்கை கரோலுக்கு அண்ணன் லைல் எழுதுவது.

இங்கே நானும் மார்லிஸும் கடவுள் கிருபையால் நலம். என் முழங்காலைத் தவிர மற்றதெல்லாம் சொன்ன பேச்சைக் கேட்கிறது. அங்கே அரிசோனா வெயிலில் நீயும் மாப்பிள்ளை டுவைனும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். டுவைனின் இடுப்பு வலி எப்படி இருக்கிறது? மார்லிஸ் உனக்கு ருபார்ப் ஜாம் இரண்டு பாட்டில் எடுத்து வைத்திருக்கிறாள். அனுப்பினால் வழியிலேயே உடையும், வந்து எடுத்துக்கொள்.

நலம் என்று எழுதிவிட்டேனே தவிர, கரோல், உண்மையில் எனக்குப் போன வியாழக்கிழமையிலிருந்து மூச்சே சீராக வரவில்லை. உட்கார்ந்தால் எழுந்திருக்கிறேன், எழுந்தால் எதற்கு எழுந்தேன் என்று மறந்துவிடுகிறேன். நம் டிட்மர் கம்பெனியைச் சிகாகோவில் புல்வெட்டி இயந்திரம் செய்கிற பெல்ட்ரே கம்பெனிக்காரன் வாங்கப்போகிறான் என்று குளிர்காலத்திலேயே உனக்குப் போனில் சொன்னேன் அல்லவா? வாங்கினால் தொழிற்சாலையை இங்கிருந்து தூக்கி டென்னஸிக்குக் கொண்டுபோவானாம். பனி தள்ளுகிற இயந்திரத்தைப் பனியே விழாத ஊரில் செய்வதாவது! செய்தவன் அதை எங்கே ஓட்டிப் பார்ப்பான்? தெருவில் மாவைக் கொட்டியா? இதைக் கேட்ட நாளிலிருந்து ஊரே கொதித்துக் கிடந்தது. அடுத்த வீட்டு ராண்டி பஷ்னிக் அங்கே வெல்டிங் பிரிவில் இருக்கிறான், உனக்குத் தெரியும். அவன் மனைவி, மச்சான், மச்சானின் இரண்டு பையன்கள், எல்லோருக்கும் அங்கேதான் வேலை. அவன் வேலி ஓரம் நின்று, "மிஸ்டர் டோர்ஸ்டாட், நீங்க படிச்சவரு, ஏதாவது பண்ணுங்க"ன்னு கேட்டபோது என்னால் சும்மா இருக்க முடியுமா?

கம்பெனி விற்பனைக்குப் பங்குதாரர்களின் ஓட்டு வேண்டும் என்று தெரிந்ததும் எனக்குப் பாதி பயம் போய்விட்டது. ஏனென்றால் பங்குதாரர்கள் என்றால் நாம்தானே! கம்பெனியைப் பங்குச்சந்தையில் விட்ட வருஷம் பெரிய டிட்மர் ஊர்க்காரர்களுக்குத்தான் முதலில் கொடுத்தார். நம் அப்பா கடை வருமானத்தில் வாங்கிப்போட்டார், அதைத்தான் நீயும் நானும் பங்கு பிரித்துக்கொண்டோம். தொழிலாளிகளுக்குக் கிறிஸ்துமஸுக்கு வான்கோழியோடு பங்கும் கொடுத்தார்கள். நம் லூத்தரன் சர்ச்சிடம் இருக்கிறது, முடிதிருத்துகிறவரிடம் இருக்கிறது, தீயணைப்புப் படைக்காரர்களிடம்கூட இருக்கிறது. இத்தனை பேர் சேர்ந்து "மாட்டோம்" என்றால் எவன் விற்க முடியும்? நானும் மார்லிஸும் முழங்கால் வலியைப் பார்க்காமல் வீடு வீடாக ஏறி இறங்கினோம். ஒவ்வொரு வீட்டிலும் காபி குடித்து என் வயிறே புண்ணாகிவிட்டது. ஒரு வீட்டில்கூட "வேண்டாம் என்று ஓட்டுப் போட மாட்டேன்" என்று யாரும் சொல்லவில்லை. வெற்றி நமதே என்று நான் பாஸ்டரிடம் சொல்லி, நன்றி ஜெபத்துக்கு நாள்கூடக் குறித்தாயிற்று.

வியாழக்கிழமை பள்ளிக்கூட ஜிம்மில் ஆண்டுக் கூட்டம். வழக்கமாக அந்தக் கூட்டத்துக்கு ஏழெட்டுப் பேர் டோனட் தின்ன வருவார்கள், அவ்வளவுதான். இந்தத் தடவை கூடைப்பந்து இறுதி ஆட்டத்துக்குக் கூட அப்படிக் கூட்டம் வந்ததில்லை. மேடையில் தலைவர் நாற்காலியில் கிரெக் டிட்மர். பெரிய டிட்மரின் பேரன், என்னிடம் இரண்டு வருஷம் அல்ஜீப்ரா படித்தவன், அதில் ஒரு வருஷம் இரண்டாம் தடவை. பக்கத்தில் கம்பெனிச் செயலாளர், ஒல்லியாக, ஒட்டடைக் குச்சி மாதிரி ஒரு மனுஷர். நான் எழுந்து மைக்கைப் பிடித்தேன். எழுதிக்கொண்டு போனது மறந்துபோய், வாயில் வந்ததைப் பேசினேன். "இது எங்க கம்பெனி. எங்க அப்பா காசு, எங்க பிள்ளைங்க உழைப்பு. விக்க மாட்டோம்கிறவங்க எழுந்து நில்லுங்க" என்றேன். ஜிம் முழுக்க எழுந்து நின்றது, கரோல். சக்கர நாற்காலியில் இருந்த மேபல் மாமிகூடக் கையை ஊன்றி எழப் பார்த்தாள். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

ஒட்டடைக் குச்சி இருமினார். "ரொம்ப நன்றி. முடிவ வாசிக்கலாங்களா?" என்றார். எந்த முடிவு? இன்னும் ஓட்டே போடவில்லையே! "பெரும்பாலான ஓட்டு எல்லாம் கம்ப்யூட்டர்ல முந்தாநாளே வந்திருச்சு சார். விற்பனைக்குச் சம்மதம் எண்பத்தாறு சதவீதம்." நான் ஏதோ காதில் கோளாறு என்று நினைத்தேன். "இங்க நிக்கறவங்க ஓட்டெல்லாம் எங்கே?" என்று கேட்டேன். அவர் காகிதத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "மூஸ் ஹாலோ முகவரியில இருக்கற பங்கு அத்தனையும் சேர்த்தா..." என்று இழுத்தார். "எத்தனை சதவீதம்யா, சொல்லுமய்யா!" "அரை சதவீதத்துக்குக் கொஞ்சம் கம்மி சார்."

முப்பது வருஷம் இந்த ஊர்ப் பிள்ளைகளுக்குச் சதவீதம் சொல்லிக்கொடுத்த வாய் இது. அந்த வாய் அப்படியே திறந்தபடி நின்றுவிட்டது. ஊரே எழுந்து நின்றால் அரை சதவீதமா! மீதி யார் கையில் இருக்கிறது என்று கேட்டேன். பெரிய பெரிய நிதி அமைப்புகள் கையிலாம். ஓய்வூதிய நிதி, காப்பீட்டுக் கம்பெனி, பரஸ்பர நிதி என்று வரிசையாகச் சொன்னார். நூற்றுக்குத் தொண்ணூற்று மூன்று அவர்களுடையதாம். அப்புறம் 'உள்ளாட்கள்' என்று ஒரு வகை, நூற்றுக்கு மூன்று. நான் உடனே, "உள்ளாட்கள்னா நாங்கதானே? இந்த ஊருக்குள்ளயே பொறந்து வளர்ந்தவங்க!" என்றேன். இல்லையாம். இயக்குநர்களும் மேலதிகாரிகளும் தான் உள்ளாட்களாம். நாமெல்லாம் வெளியாட்கள், கரோல். நாலு தலைமுறையாக இங்கே இருக்கிற நாம் வெளியாட்கள்!

சரி, ஒரு நம்பிக்கை மிச்சம் இருந்தது. நான் கிரெக் பக்கம் திரும்பினேன். "கிரெக், நாங்க போனாப் போறோம். தொழிற்சாலைச் சுவத்துல உங்க தாத்தா பேரு ஆளுயரத்துக்கு எழுதியிருக்கு. உங்க குடும்பப் பங்கை வெச்சு நீ வேண்டாம்னுதானே ஓட்டுப் போட்ட?" அவன் தன் ஷூவைப் பார்த்தான். நல்ல ஷூதான். "மிஸ்டர் டோர்ஸ்டாட், எங்க குடும்பப் பங்கு இப்போ அவ்வளவா இல்லீங்க" என்றான். "அவ்வளவா இல்லன்னா?" "கொஞ்சம் கொஞ்சமா வித்தோம். அத்தைங்க வித்தாங்க, அப்புறம் எனக்கு விவாகரத்து, அப்புறம் ஏரிக்கரை வீடு..." "இப்ப உன் பேர்ல எவ்வளவுடா இருக்கு?" அவன் மெதுவாகச் சொன்னதைக் கேட்டுப் பாஸ்டர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். "கர்த்தரே, நம்ம சர்ச்சுகிட்ட அதைவிட ஜாஸ்தி இருக்கே!" என்று அவர் சொன்னது மைக் இல்லாமலே ஜிம் முழுக்கக் கேட்டது. டிட்மர் கம்பெனியில் டிட்மரை விட நம் பாடகர் குழுவுக்குப் பங்கு அதிகம்! நான், "உங்க தாத்தா கல்லறையில புரண்டு படுப்பாருடா" என்றேன். அதற்கு அவன் சொல்கிறான்: "எல்லாப் பணத்தையும் ஒரே எடத்துல போடாதீங்கடான்னு நிகழ்தகவுப் பாடம் நடத்தறப்ப நீங்கதானே சார் சொன்னீங்க!" இரண்டு வருஷத்தில் அவன் காதில் ஏறியது அது ஒன்றுதான் போலிருக்கிறது.

அதோடு நான் உட்கார்ந்திருக்க வேண்டும். மார்லிஸ் என் கோட்டு வாலைப் பிடித்து இழுத்தாள். கேட்டேனா? கடைசி வரிசையில் சாம்பல் நிறக் கோட்டுப் போட்ட ஒரு இளம்பெண் தனியாக உட்கார்ந்து டோனட்டைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். அவள்தான் இருப்பதிலேயே அதிகப் பங்கு வைத்திருக்கிற நிதி அமைப்பிலிருந்து வந்தவள், பெயர் கேட்லின், என்று யாரோ காட்டினார்கள். எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. "ஏம்மா, நீ எப்பவாவது வாசல்ல இடுப்பளவு பனி தள்ளியிருக்கியா? எங்க ஊரு எந்தத் திசையில இருக்குன்னாவது உங்க ஆபீசுக்குத் தெரியுமா? யாரோட பணத்தை வெச்சுக்கிட்டு எங்க அடுப்புல தண்ணி ஊத்தறீங்க?" என்று கத்தினேன். ஊர் கைதட்டியது. ராண்டி விசிலடித்தான். அந்தப் பெண் எழுந்து, வாயில் இருந்ததை விழுங்கிவிட்டு, ரொம்ப மரியாதையாகத்தான் சொன்னாள்: "நாங்க வடக்கு ஏரிக்கரை ஆசிரியர் ஓய்வூதிய நிதி சார்."

கைதட்டல் நின்றது. ராண்டி என்னைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், மறுபடியும் என்னைப் பார்த்தான். "அது உங்க பென்ஷன் இல்ல?" என்றான். என் பென்ஷன்தான், கரோல். மார்லிஸ் பள்ளிக்கூட நூலகத்தில் இருந்தவள், அவள் பென்ஷனும் அதுதான். நான் சமாளித்து, "அப்படின்னா நானே சொல்றேன், வேண்டாம்னு மாத்திப் போடும்மா" என்றேன். அவள், "உங்கள மாதிரி ரெண்டு லட்சம் ஆசிரியருங்க இருக்காங்க சார். பெல்ட்ரே குடுக்கறது நல்ல விலை. உங்களுக்கு மாசா மாசம் பணம் வர வேண்டாமா?" என்றாள். ராண்டி தொப்பியைத் தலையில் மாட்டிக்கொண்டு, "பனிரெண்டு வருஷமா உங்க வாசல் பனிய ஓசியில தள்ளினேன். நீங்க பென்ஷன் கட்டி எங்களையே தள்ளிட்டீங்க" என்று சொல்லிவிட்டு வெளியே போனான். பின்னாலேயே வெல்டிங் பிரிவு முழுக்கப் போயிற்று.

ஞாயிறு சர்ச் விருந்தில் மார்லிஸ் இறைச்சிக்கு மேல் உருளைக்கிழங்கு அடுக்கிச் சுட்ட டேட்டர் டாட் ஹாட்டிஷை ஒருத்தர்கூடத் தொடவில்லை. எடுத்துப் போன பாத்திரம் அப்படியே கனமாகத் திரும்பி வந்தது. எங்கள் மேஜையில் எங்களைத் தவிர உப்புப் புட்டிதான் இருந்தது. நான் மனம் நொந்து, "அந்தப் பென்ஷனே வேண்டாம்னு எழுதிக் கொடுத்துடறேன்" என்றேன். மார்லிஸ், "எழுதிக் குடுத்துட்டு? இந்த ஹாட்டிஷையே வருஷம் பூராத் திங்கப் போறீங்களா?" என்றாள். அதுவும் நியாயம்தான்.

ஆனால் ஒன்று செய்தேன். நேற்று, திங்கட்கிழமை காலையில் முதல் வேலையாகத் தரகருக்குப் போன் பண்ணி என் டிட்மர் பங்கு அத்தனையையும் விற்றுவிட்டேன். டோனட் கடையில் போய், எல்லோருக்கும் கேட்கும்படி, "வித்துட்டேன், கையக் கழுவிட்டேன்" என்று சொல்லிவிட்டும் வந்தேன். நீயும் இந்தக் கடிதம் கண்டவுடன், ஒரு நாள்கூடத் தாமதிக்காமல், உன் பங்கை விற்றுவிடு. காரணம் கேட்காதே, அண்ணன் சொல்கிறேன், விற்றுவிடு. யாருடையதோ ஆகிவிட்ட கம்பெனியில் நமக்கு என்ன வேலை?

மனசு ஆறவில்லை. இருந்தாலும் உன்னிடம் கொட்டியதில் பாரம் கொஞ்சம் குறைந்தது. கர்த்தர் உங்கள் இருவரின் கால் கைகளையும், உங்கள் வீட்டு ஏசியையும் பழுதில்லாமல் காப்பாராக. பேரக் குழந்தைகளுக்கு எங்கள் முத்தங்கள். டுவைனுக்கு என் அன்பு.

உன் அண்ணன்,
லைல் டோர்ஸ்டாட்

பின்குறிப்பு: கரோல், மேலே எழுதியது எதையும் நம்பாதே. உறையை ஒட்டி, ஸ்டாம்ப்பும் ஒட்டிய பிறகு, இன்று மத்தியானம் ரேடியோவில் சொல்கிறார்கள், விற்பனை நின்றுவிட்டதாம்! வாங்குகிறவன் பக்கமும் பங்குதாரர் ஓட்டு உண்டாம். இது நமக்கு யாரும் சொல்லாத சங்கதி. பெல்ட்ரேவின் பங்குதாரர்கள், விலை அதிகம் என்று தள்ளிவிட்டார்களாம். அங்கே இருக்கிற பெரிய பங்குதாரர் யார் என்கிறாய்? வடக்கு ஏரிக்கரை ஆசிரியர் ஓய்வூதிய நிதி! நான் அந்தக் கேட்லினுக்கே போன் போட்டுக் கேட்டேன். "விக்கறப்ப அது நல்ல விலை, வாங்கறப்ப அது அதிக விலை சார். ரெண்டு பக்கமும் உங்க நன்மைக்குத்தான் ஓட்டுப் போட்டோம்" என்கிறாள். நானே விற்றேன், நானே வாங்க மாட்டேன் என்றேன், எனக்கே தெரியாமல்! எப்படியோ தொழிற்சாலை நம்மூரிலேயே இருக்கும். ஊரே தெருவில் காரை நிறுத்தி ஹாரன் அடித்தது. நானும் வாசலுக்குப் போய்க் கை ஆட்டினேன். ஒருத்தரும் திருப்பி ஆட்டவில்லை. விற்பனை நின்றதும் டிட்மர் பங்கு விலை பொத்தென்று விழுந்துவிட்டதாம். ராண்டி வேலிக்கு மேல் தலையை நீட்டி, "எங்க எல்லாருக்கும் பாதிப் பணம் போச்சு. நீங்க மட்டும் சரியா முந்தின நாள் வித்துட்டீங்க. பென்ஷன் பொண்ணு காதுல போட்டாளா? நீங்கதான்யா நிஜமான உள்ளாளு!" என்றான். உள்ளாட்கள் நாங்கதானே என்று கூட்டத்தில் கத்தியவன் நான், இப்போது ஊருக்குள் எனக்குப் பெயரே உள்ளாள்தான். உள்ளே கேட்ட ரகசியத்தை வைத்துப் பங்கு விற்றால் ஜெயிலாம். இப்படி இருக்கையில், "ஒரு நாள்கூடத் தாமதிக்காமல் விற்றுவிடு, காரணம் கேட்காதே" என்று என் கையெழுத்திலேயே எழுதி வைத்திருக்கிறேனே! ஆகவே விற்காதே. கிழித்துப் போட்டுவிடலாம் என்று அடுப்பங்கரைக்கு எடுத்துப் போனேன். "கிழிச்சா நிஜமாவே தப்புப் பண்ணினவன் மாதிரி இருக்கும்" என்று மார்லிஸ் தடுத்துவிட்டாள். அதனால்தான் உறையைப் பிரித்து இதையும் சேர்த்து அனுப்புகிறேன். படித்ததும் நீ கிழித்துவிடு. டுவைனிடம் காட்டாதே, அவருக்கு எதையும் சத்தம் போட்டுத்தான் படிக்கத் தெரியும்.