நாற்பது நிமிடமும் என் முகம்

இயேசு மரி சூசை

மாம்புரி,
ஞாயிற்றுக்கிழமை.

மதிப்புக்கும் அன்புக்கும் உரிய றெஜினா அக்காவுக்கு,

தம்பி தோமஸ் எழுதுவது. தலவில் கோயில் அன்னம்மாள் தயவில் நானும் சுதர்சினியும் பிள்ளை ஜெனிற்றாவும் சுகம். இத்தாலிக் குளிரில் உங்கள் முழங்கால் எப்படி என்று அறிய ஆவல்.

இந்தக் காலத்தில் கடிதமா என்று சிரிப்பீர்கள். என் போன் பூட்டிய அலுமாரிக்குள், திறப்பு சுதர்சினியின் இடுப்பில். காரணம் உங்களுக்கே தெரியும். உங்கள் ஞானமகள் கோயிலில் பாதர் கையால் முதல் நன்மை அப்பம் வாங்குவதைப் பார்க்க வேண்டும் என்று கேட்டீர்கள், நானும் லைவ் போட்டேன், நீங்களோ நாற்பது நிமிடமும் என் முகத்தைப் பார்த்தீர்கள். வேண்டுமென்று செய்யவில்லை அக்கா. கோயிலுக்கு ஓடிய அவசரத்தில் கண்ணாடியை மேசையில் விட்டுவிட்டேன். திரையில் மங்கலாக ஒரு முகம், வழுக்கையும் இருந்தது, பாதர்தான் என்று நினைத்தேன், இன்றைக்கு பாதர் இவ்வளவு சிரிக்கிறாரே என்று சந்தோஷமும் பட்டேன். சிவப்புச் சிவப்பாக இதயங்கள் பறந்தன, எழுத்துகள் ஓடின, எல்லாம் வாழ்த்து என்று எண்ணி ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினேன். "தம்பி, போனைத் திருப்படா" என்று நீங்கள் பன்னிரண்டு தரம் எழுதியிருந்ததைப் பிறகுதான் அறிந்தேன். படம் நன்றாக வரட்டும் என்று நடுவழியை மறித்து நின்றதால், பிள்ளைகள் என்னைச் சுற்றித்தான் போய் வந்தார்கள்.

வெளியே வந்ததும் ஜெனிற்றா வெள்ளை உடுப்போடு ஓடி வந்து, "அப்பா, நான் நன்மை வாங்கினதக் கண்டீங்களா?" என்று கேட்டாள். "ஓம் மகள், நல்லாக் கண்டன்" என்றேன். கோயில் வாசலில் நின்றபடியே பொய்.

பின்னேரம் கேக் வெட்டிய கையோடு எல்லாரும் கூடி வீடியோவைப் பார்த்தோம். என் மூக்கைக் கண்டு வீடே சிரித்தது, நானும் சிரித்தேன். இருபத்து மூன்றாவது நிமிடத்தில் என் தோளுக்குப் பின்னால் ஒரு வெள்ளை முக்காடு வந்து நின்றது. நன்மை வாங்கித் திரும்பிய எங்கள் பிள்ளை. அப்பா திரும்பிப் பார்ப்பார் என்று நிற்கிறாள். நாலு செக்கன். நானோ போனைப் பார்த்துப் பல்லைக் காட்டிக்கொண்டிருக்கிறேன். பிறகு மறைக்கல்வி ரீச்சர் கையைப் பிடித்துக் கூட்டிப் போகிறா.

வீட்டில் சிரிப்பு நின்றுவிட்டது. "பரவாயில்ல அப்பா" என்றாள் ஜெனிற்றா. அவள் அழுதிருந்தால் தாங்கியிருப்பேன் அக்கா.

இனி எனக்கு போன் வேண்டாம். செபமாலை சொல்லும்போது மணியைக்கூட என் பெருவிரல் போன் திரையைப் போலத்தான் தள்ளுகிறது, அதுவும் மெல்ல மாறும்.

அத்தானுக்கு எங்கள் அன்பு. உங்கள் ஊர்க் கோயிலில் ஞானமகளுக்காக ஒரு மெழுகுதிரி கொளுத்துங்கள், எனக்காக இரண்டு.

கண்ணாடி போட்டுக்கொண்டு எழுதும்,
தம்பி தோமஸ்.

பி.கு.: மேலே உள்ளது மூன்று நாளைக்கு முந்திய கதை. திறப்பைக் கெஞ்சி வாங்கிவிட்டேன், அந்த நாலு செக்கனைப் பார்க்கத்தான். இன்றைக்கு மட்டும் பதினொரு தரம் பார்த்தேன். அப்படிப் பார்த்துக்கொண்டிருந்தபோது ஜெனிற்றா வந்து என் பின்னால் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனாளாம். சுதர்சினி சொல்லித்தான் தெரியும்.