கப்பல்காரன் பெண்சாதி

"இது யாருக்கு, புள்ள?" என்று டொக்டரின் சீட்டைப் பார்த்தபடி கேட்டார் மருந்துக்கடை ஸாலிஹ்.

கௌரி பின்னால் திரும்பிப் பார்த்தாள். களுபோவில ஆஸ்பத்திரி டொக்டர் நன்றாகத்தான் விளங்கப்படுத்தியிருந்தார். சூலகத்தில் சின்னச் சின்ன நீர்க்கட்டிகள். அதனால்தான் மூன்று மாதத்துக்கொருமுறை மாதவிலக்கு, முகத்தில், நாடியில், மயிர். பிரஷர் பார்த்துவிட்டு இரண்டு வழி சொன்னார். மாதத்தில் பத்து நாள் மட்டும் போடும் குளிசை ஒன்று. தினமும் போடும் கர்ப்பத்தடைக் குளிசை மற்றது, அது ஆறேழு மாதத்தில் மயிரையும் அடக்குமாம். கௌரி நாடியைத் தடவிப் பார்த்துவிட்டு இரண்டாவதைத் தெரிவு செய்தாள்.

தெரிவு செய்தது சுலபம், வாங்குவதுதான் பாடு. கலியாணமாகாதவள், பின்னால் வரிசையில் நாலு பேர்.

"எனக்குத்தான். போன மாசம் கலியாணம் முடிஞ்சது."

"நல்லம். மாப்பிள்ள யாரு?"

நாலு நாளாகக் கைப்பையிலிருந்து எடுத்து எடுத்துப் பார்க்கும் படத்தில் இருந்தவரின் பெயர்தான் வாயில் வந்தது. ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வரவிருக்கும் இன்சூரன்ஸ்காரர். படத்திலேயே அவரை அவளுக்குப் பிடித்துப்போயிருந்தது.

"இராஜநாயகம்."

"பாமன்கடையில இருக்கிற இன்சூரன்ஸ் இராஜநாயகமா?"

"இல்லை இல்லை, இவர் வேற. கப்பலில."

"கப்பல்ல எண்டா இந்தக் குளிசை எதுக்கு?"

"வெள்ளிக்கிழமை வாறார்," என்றாள் கௌரி. வரிசை சிரித்தது.

வீட்டில் அக்கா தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். "மாப்பிள்ளையின்ர தாய் உன்னைப் பற்றி வெள்ளவத்தையில கடை கடையா விசாரிக்கிறாவாம். சண்டையில பாதை பூட்டிக் கிடக்கேக்க எங்கட ஊர் யாழ்ப்பாணத்தில போய்க் கேக்கேலுமே? மருந்துக்கடை மட்டும்தான் மிச்சமாம்."

சோதனைச்சாவடியில் காட்ட அடையாள அட்டையை எடுத்துக்கொண்டு கௌரி காலி வீதி மருந்துக்கடைக்கு ஓடினாள்.

"அண்ணை, ஆரும் கேட்டால் அந்தக் கலியாணக் கதையைச் சொல்லாதேங்கோ. அவர்... இல்லை."

"இல்லையா? மவுத்தாப் போயிட்டாரா?"

பிரஷர் குளிசைக்காக வாங்கில் உட்கார்ந்து காத்திருந்த அம்மா ஒருவர் நிமிர்ந்து பார்த்தார். பதற்றத்தில் கௌரி, செத்துத்தான் போனார் என்று தலையாட்டிவிட்டாள்.

"கப்பல் நடுக்கடலில தாண்டு போச்சு, ஒருத்தரும் தப்பேல்லை."

ஸாலிஹ் வாங்கில் இருந்த அம்மாவின் குளிசைகளை எண்ணத் தொடங்கினார்.

ஞாயிற்றுக்கிழமை தேத்தண்ணித் தட்டோடு வந்த கௌரி வாசலிலேயே நின்றுவிட்டாள். இராஜநாயகத்துக்குப் பக்கத்தில் இருந்தவர், மருந்துக்கடை வாங்கில் இருந்த அதே அம்மா.

"நீர்தானே கப்பல்காரன்ர பெண்சாதி?" என்று கேட்டார் இராஜநாயகத்தின் தாய் சரோஜினிதேவி. அக்காவின் முகம் வெளுத்துப்போனது.

கௌரி தட்டை வைத்தாள். நீர்க்கட்டி, குளிசை, வரிசையில் நின்ற நாலு பேர், அவர்களுக்கு முன்னால் சொன்ன இராஜநாயகத்தின் பெயர், பிள்ளை பிறக்க வைத்தியம் தேவைப்படலாம் என்று டொக்டர் சொன்னது, எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தாள். அழுகை வந்தது. தனக்கிருக்கும் நோயைவிட, இந்த மனிதரைப் பொய்யால் இழக்கிறோமே என்பதுதான் அவளைச் சுட்டது.

"அப்ப கப்பலோட தாண்டு போனது நான்தானோ?" என்று இராஜநாயகம் மெல்லக் கேட்டார்.

சரோஜினிதேவி ஒரு மிடறு தேத்தண்ணி குடித்தார்.

"டொக்டர் சீட்டில உம்மட பேருக்கு முன்னால 'மிஸ்' எண்டு போட்டிருந்ததை ஸாலிஹ் முதல் நாளே கண்டவராம். 'இந்தப் புள்ளைக்குப் பொய் சொல்லவே வராது, நம்பிக் கட்டி வைங்க' எண்டு அவர் சொன்னபடியால்தான் பிள்ளை, நாங்கள் இண்டைக்கு வந்தனாங்கள்."