நீ யோசித்துக்கொண்டிருந்தபோது விழுந்த சுவர்

மண்டி மொஹல்லா,
மைசூர்.

அன்புள்ள தம்பி டேவிஸுக்கு அண்ணன் அமலதாஸ் சொந்தக் கையால் எழுதுவது. ஆண்டவர் புண்ணியத்தில் நானும் உன் அண்ணி டோரதியும் சுகம். மாடிச் சுவர்தான் சுகமில்லை.

கோயில் மாலை வகுப்பில் படித்து நானே எழுதும் முதல் கடிதம் இது. ஒரு வரி முடிவதற்குள் டீ ஆறிவிடுகிறது. ஆனாலும் ஆனந்தமாக இருக்கிறது. விஷயம்தான் ஆனந்தமில்லை.

சாமராஜநகரில் பன்னும் டீயுமாகத் தனியே கிடக்காதே, எங்களோடு வந்துவிடு என்றோம். "எனக்குன்னு ஒரு ரூம் இருந்தா வர்றேன்" என்றாய். சரியென்று மாடியில் கட்ட ஆரம்பித்தோம். கூரைக்குத் தகர சீட்டா காங்கிரீட்டா என்று கேட்டால், யோசித்துச் சொல்கிறேன் என்றாய். சீட் என்றால் பக்கச் சுவர் சரிவாக ஏற வேண்டும், காங்கிரீட் என்றால் மட்டமாக நிற்க வேண்டும். அதனால் மேஸ்திரி கெம்பையன் இரண்டு நீளச் சுவர்களை மட்டும் எழுப்பிவிட்டு உன் யோசனைக்காகக் காத்திருந்தான். போன சனிக்கிழமை மத்தியானம் மழைக்கு முன்னால் ஒரு காற்று அடித்தது பார், இடி விழுந்ததென்று நினைத்து மேலே ஓடினால் ஒரு சுவர் அப்படியே மல்லாந்து, உனக்காக வாங்கிய கட்டிலின் மேல் கிடக்கிறது, இன்னொன்று சாய்ந்து நிற்கிறது. கெம்பையன் வந்து பார்த்து, "சுவருக்கு நான் பொறுப்பு சார், காத்துக்கு யாரு பொறுப்பு?" என்று சொல்லி, சாய்ந்ததையும் இறக்கிவிட்டுப் போனான்.

"நல்லவேள, தம்பி யோசிக்கிற ஆளு. டக்குனு முடிவெடுத்திருந்தா அந்தக் கட்டில்லதான் படுத்திருப்பாரு" என்றாள் உன் அண்ணி.

"முடிவெடுத்திருந்தா சுவரே நின்னிருக்கும் பாட்டி" என்றாள் பேத்தி ஜெசிகா. அவள் கட்டட என்ஜினீயர் அல்லவா. காற்று ஒரு பக்கம் தள்ளும், மறுபக்கம் இழுக்கவும் செய்யுமாம். இழுக்குமா? கையே இல்லாத காற்றா? அதிர்ந்துபோனேன். அவள் என் பாடப் புத்தகத்தை மூடியபடி மேசைமேல் நிறுத்தி, "ஊதுங்க தாத்தா" என்றாள். விழுந்தது. பாதி திறந்து நிறுத்தினாள். ஊதினேன், நின்றது. "பக்கச் சுவர் வந்தா இப்படித்தான் ஒண்ண ஒண்ணு பிடிச்சுக்கும். மேல கூரையையும் இறுக்கிக் கட்டிட்டா தலையும் ஆடாது." மூச்சு முட்டும்வரை ஊதினேன், அசையவில்லை. இவ்வளவு நாள் படித்த புத்தகத்தில் இது இருந்தது தெரியாமல் போயிற்றே.

மழைக்காலம் முடிந்ததும் ஜெசிகா சொல்கிறபடி கட்டுவோம். அதுவரை நீ வீட்டைக் காலி செய்யாதே. இதையே சாக்காக வைத்து வராமலும் இருந்துவிடாதே. உன் பன்னை நினைத்தால் அண்ணிக்குச் சோறு இறங்குவதில்லை. சீட்டா காங்கிரீட்டா என்று உடனே பதில் எழுது. மாதா உன்னைக் காப்பாராக.

உன் அண்ணன்,
அமலதாஸ்

பின்குறிப்பு: மடிக்கும்போது நீயே போன் செய்தாய். "அண்ணே, யோசிச்சுட்டேன், சீட்டே போதும். வீட்டக் காலி பண்ணிட்டேன், காலைல பஸ் ஏறுறேன். சுவர் எப்படி இருக்கு?" என்றாய். சொன்னால் வராமல் இருந்துவிடுவாய், கடிதமும் வீணாகிவிடும். "எல்லாம் லெட்டர்ல இருக்கு, நீ வா" என்றேன். ஆகவே இதைத் தபாலில் போடவில்லை. கூடத்தில் உனக்குப் படுக்கை போட்டாயிற்று. நாளைக்குச் சாப்பிட்டதும் நானே உட்காரவைத்துப் படித்துக் காட்டுகிறேன், மெதுவாகத்தான் வரும். அதுவரை மாடிக்குப் போகாதே.