சீர் காரில், கல்யாணப் பெண் சைக்கிளில்

ஸ்பிலம்பெர்தோ,
மே மாதம், ஞாயிறு, அப்பா சாப்பிட்டுத் தூங்கும் நேரம்.

என்றும் என் மதிப்புக்குரிய செலெஸ்தே அத்தைக்கு, உங்கள் தம்பி மகள் எலெத்ரா வணக்கத்துடன் எழுதுவது.

கோமாக்கியோவில் நீங்களும் உங்கள் மீன் வண்டியும் உங்கள் முழங்கால் வலியும் எப்படி இருக்கிறீர்கள்? நீங்களும் வண்டியும் நன்றாக ஓடவும், வலி மட்டும் ஓடிப்போகவும் வேண்டுகிறேன். இங்கே நானும் அம்மாவும் சுகம். அப்பா மிகவும் சுகமாக இருக்கிறார். இந்தக் கடிதம் எழுத நேர்ந்ததே அதனால்தான்.

அத்தை, நான் புகார் சொல்லும் பெண் அல்ல என்பது உங்களுக்குத் தெரியும். இந்த வீட்டில் கத்துவதற்கு ஏற்கெனவே இரண்டு பேர் இருக்கிறார்கள். நான் ஒரு புத்தகத்தைத் திறந்து அதற்குள் போய்விடுவது வழக்கம். ஆனால் புத்தகத்துக்குள் போயும் தப்ப முடியாத ஒரு காரியத்தை உங்கள் தம்பி எர்மெஸ் செய்துவிட்டார். என் கல்யாணத்துக்கு இரண்டு வாரம் இருக்கும்போது, காரின் பின்இருக்கையைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, அங்கே வினிகர் பீப்பாய்களுக்குப் பெட்டி கட்டியிருக்கிறார். உலகத்தில் அவர் பயப்படுவது உங்கள் ஒருவருக்குத்தான். ஆகையால் நீங்கள் உடனே கிளம்பி வந்து, சின்ன வயதில் அவர் காதைத் திருகிய அதே கையால் இப்போதும் திருகி, இருக்கைகளை இருந்த இடத்தில் வைக்கச் செய்ய வேண்டும். இதுதான் விஷயம். மீதியெல்லாம் என் ஆத்திரம். பொறுமை இருந்தால் படியுங்கள்.

அந்தக் காரைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. யாரோ ஒரு சீமான் மரத்தில் மோதி நொறுக்கித் தொழிற்சாலைக்கே திருப்பி அனுப்பியதை, அங்கே கியர் பெட்டிப் பிரிவில் இருந்த அப்பா அடிமாட்டு விலைக்கு வாங்கி வந்து, என் பிள்ளைப்பருவம் முழுவதையும் அதன் அடியில் படுத்தே கழித்து, ஓட வைத்தார். நான் தவழ்ந்ததைக்கூட அவர் காருக்கு அடியிலிருந்துதான் பார்த்தார் என்பாள் அம்மா. பந்தயக் குதிரை மாதிரி வண்டி. ஆனாலும் பெயருக்கு ஒரு பின்இருக்கை உண்டு. மனிதருக்கு முழங்கால் என்று ஒன்று இருப்பதை மறந்த யாரோ வரைந்தது அது. முன்னால் அம்மா, பின்னால் நான். கடற்கரைக்கு, உங்கள் வீட்டுக்கு, பல் மருத்துவரிடம், எங்கே போனாலும் முழங்காலை முகவாய்க்கு முட்டுக்கொடுத்துக்கொண்டு, அந்த முழங்கால் மீதே புத்தகத்தைச் சாய்த்து, தடித்தடியான ருஷ்ய நாவல்களை அங்கேதான் படித்து முடித்தேன். அவற்றில் வருகிறவர்களின் துன்பம் எனக்கு எளிதில் புரிந்ததற்கு அதுவும் ஒரு காரணம். ஒருநாள் கால் மரத்துப்போய் அழுதேன். அப்பா கண்ணாடியில் என்னைப் பார்த்து, “அழாதடி ராஜாத்தி, உன் கல்யாணத்தன்னிக்கு அம்மாவ நடந்து வரச் சொல்லிட்டு, உன்னத்தான் முன்சீட்டுல உக்கார வச்சுக் கோவிலுக்கு ஓட்டிட்டுப் போவேன்” என்றார். அம்மா, “நான் எதுக்கு நடக்கணும்? நீங்க நடங்க, நான் ஓட்டறேன்” என்றாள். எப்படியிருந்தாலும் வாக்கு வாக்குதான். மாப்பிள்ளை மிர்கோவைச் சந்திப்பதற்கு எத்தனையோ வருடம் முன்பே நான் அந்த முன்இருக்கையை நிச்சயம் செய்துவிட்டேன்.

பீப்பாய்களும் உங்களுக்குத் தெரிந்தவைதான். நான் பிறந்ததும் திராட்சைச் சாறு ஊற்றி, வருடக்கணக்கில் வினிகராக முதிர மச்சில் வைத்த மூன்று: கஷ்கொட்டை மரத்தில் பெரியது, செர்ரி மரத்தில் நடுவிலது, ஜூனிப்பரில் கைக்குழந்தை அளவுக்கு ஒன்று. மூன்றின் வயிற்றிலும் என் பெயரைச் சுட்டுப் பொறித்திருக்கிறது. பெண் போகிற வீட்டுக்கு அவள் பீப்பாயும் போகும் என்பது ஊர் வழக்கம். நான் அதை மறுக்கவே இல்லை. மறுத்தது மிர்கோ. அவர் திரியெஸ்தேக்காரர், துறைமுகத்தில் வளர்ந்தவர், பாவம், தெரியாமல் பேசிவிட்டார். இங்கே சாப்பிட வந்த அன்று, “எதுக்கு மாமா இவ்வளவு சிரமம்? வினிகர்தானே, எங்க ஊர்க் கடையிலயே பாட்டில் பாட்டிலா அடுக்கி வச்சிருக்கான்” என்றார். அம்மா அகப்பையைத் தூக்கியபடியே நின்றுவிட்டாள். அப்பா கரண்டியைக் கீழே வைத்து அம்மா பக்கம் திரும்பினார். “ஒர்னெல்லா, தம்பிக்கு இன்னொரு தட்டு போடு. பசியில என்னமோ பேசறாரு” என்றார். அவ்வளவுதான் பேசினார். ஆனால் அந்த நிமிடமே தீர்மானம் ஆகிவிட்டது: பெண்ணும் பீப்பாயும் ஒரே நேரத்தில் வாசல் தாண்ட வேண்டும், அதுவும் அவர் கையால் ஓட்டும் காரில் தாண்ட வேண்டும். “கடைச் சரக்கா இது, லாரில ஏத்தி அனுப்ப?” என்று மறுநாள் முழுவதும் கேட்டுக்கொண்டிருந்தார். லாரி வேண்டாமென்றால் அக்காவின் மீன் வண்டியைக் கேட்கலாமே என்று அம்மா சொல்லிப் பார்த்தாள். அதற்கு அப்பா சொன்ன பதிலை மரியாதை கருதி இங்கே எழுதவில்லை. அதில் விலாங்கு மீன் பலமுறை வந்தது.

பிறகு ஒரு வாரம் கராஜ் கதவு மூடியே கிடந்தது. திறந்தபோது பின்இருக்கை சுவரோரம் குப்புறக் கிடக்க, அது இருந்த இடத்தில் வால்நட் பலகையில் ஒரு பெட்டி. பொய் சொல்லக் கூடாது அத்தை, அழகான பெட்டி. மூன்று பீப்பாய்க்கும் மூன்று வளைந்த தொட்டில், உள்ளே கம்பளித் துணி, பித்தளைக் கொக்கி வைத்த தோல் பட்டைகள், பீப்பாய் வாயை மூடும் துணிகளை மடித்து வைக்க ஒரு குட்டி இழுப்பறை. இந்த அக்கறையில் பாதியை என் கட்டிலுக்குக் காட்டியிருந்தால் அது இன்றுவரை கிரீச்சிடாது. பெட்டி காருக்குச் சரியாக இருந்தது. பீப்பாய் பெட்டிக்குச் சரியாக இருந்தது. பீப்பாய் உள்ளே போகிற வழிதான் சரியாக இல்லை. இரண்டே கதவு உள்ள காரில், முன்இருக்கையைச் சாய்த்து அந்த இடுக்கு வழியாகக் கஷ்கொட்டைப் பீப்பாயை நுழைக்கப் பார்த்தால், அது எருமை மாதிரி நடுவில் நின்றுகொண்டது.

“ஆயுசு பூரா கியர் பெட்டிய மயிரிழை சுத்தமா அளந்த மனுஷன், வாசல அளக்கல” என்றாள் அம்மா.

“வாசல் அளவு எனக்குத் தெரியும்டி. சீட்டு குறுக்க நிக்குது.”

“சீட்டு என்ன நேத்தா முளைச்சுது?”

அப்பா ஸ்பானரை எடுத்து முன்இருக்கையைக் கழற்றினார். என் முன்இருக்கையை! பீப்பாய் உள்ளே போயிற்று. சரி, இனி இருக்கையைத் திரும்ப வைக்கலாமே என்றால், அந்தப் பீப்பாயின் தொப்பை முன்னால் துருத்திக்கொண்டு நிற்கிறது. இருக்கை அதன் தண்டவாளத்தில் ஏறவே மாட்டேன் என்கிறது. ஆக, இப்போது அந்தக் காரில் ஓட்டுநருக்கு இடம் உண்டு, வினிகருக்கு இடம் உண்டு.

இதோடு நின்றதா? சோதனை ஓட்டம் வேண்டுமாம். வெறும் பீப்பாயை வைத்து ஓட்டினால் அது சோதனையே இல்லையாம். நம் பீப்பாய்களுக்கு அடைப்பான் கிடையாது, வினிகர் மூச்சுவிட வாயில் ஒரு துணி மட்டும்தான் கிடக்கும் என்பதைப் பிறந்த நாள்முதல் அறிந்தவர், அவற்றை நிரம்பிய வயிற்றோடு ஏற்றிக்கொண்டு ஸோக்கா போகும் மலைச்சாலையில், தொழிற்சாலையில் ஓட்டிப் பார்ப்பதுபோலவே ஓட்டிப் பார்த்திருக்கிறார். என் வயதுள்ள வினிகர் காரின் கூரையிலும் கண்ணாடியிலும் அப்பாவின் பிடரியிலும் தெறித்தது. மேலே ஒரு போலீஸ்காரர் நிறுத்தினாராம். நான் அந்த இடத்தில் இல்லை. அப்பாவே இதைப் பெருமையாகச் சொன்னார்.

“பின்சீட்டு எங்க, முன்சீட்டு எங்க, என்னய்யா வண்டி இது?” என்று தலையை உள்ளே விட்டவர், அப்படியே நின்றாராம். மூக்கை உறிஞ்சி மோந்து பார்த்தாராம். பிறகு குரல் இறங்கிவிட்டதாம். “யார் பேர்ல?”

“மக பேர்ல.”

“கல்யாணமா?”

“ரெண்டு வாரத்துல.”

முன்பலகையில் விரலைத் தொட்டு நாக்கில் வைத்து, “செர்ரி” என்றாராம். “பின்னால ஜூனிப்பரும் தெரியுதே. ஆனா பீப்பாய நெடுக்க வச்சிருக்கீங்க. குறுக்க வைக்கணும், அப்பத்தான் வளைவுல தளும்பாது.” அதற்குப் பிறகு நெடுக்கா குறுக்கா என்று சாலையோரத்தில் இருவரும் சண்டை போட்டு, கடைசியில் கைகுலுக்கிப் பிரிந்திருக்கிறார்கள். சட்டத்தை நம்பியிருந்தேன் அத்தை. ஒரே ஒரு அபராதம் போட்டிருந்தால் எல்லாம் அன்றே முடிந்திருக்கும்.

வீட்டுக்கு வந்ததும் அம்மாவாவது கிழிப்பாள் என்று காத்திருந்தேன். அவள் உள்ளே போய் ஒரு துண்டு பாலாடைக்கட்டியைக் கொண்டுவந்து, காரின் கூரையில் தேய்த்து, வாயில் போட்டுக்கொண்டு, “போன வருஷத்தவிட நல்லாருக்குங்க” என்றாள். அன்றிலிருந்து இந்த வீட்டில் என் பக்கம் யாரும் இல்லை.

இன்று மதியச் சாப்பாட்டில் கேட்டேவிட்டேன். “அப்பா, நான் எங்கப்பா உக்காருவேன்?”

“எங்க?”

“கோவிலுக்குப் போறப்ப. கார்ல.”

அவர் யோசித்தார். அதுவரை அவர் அதை யோசிக்கவே இல்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. “கோவில் அந்தா இருக்கு. அம்மா சைக்கிள் ஓட்டட்டும், நீ கேரியர்ல உக்காந்துக்க. நான் முன்னாடி மெதுவா போறேன். ஊரே பாக்கும், அழகா இருக்கும்.”

“வெள்ளை கவுன் சக்கரத்துல மாட்டும்பா.”

“சக்கரத்துக்கு வலை கட்டித் தரேன். அளவெடுத்தா ஆச்சு.”

அளவெடுப்பாராம்!

எனக்கு வினிகர் மேல் கோபம் இல்லை அத்தை. என் பெயர் பொறித்த பீப்பாய்கள் அலுங்காமல் போக வேண்டுமென்று கம்பளி விரித்துப் பட்டை கட்டுகிறவருக்கு, அந்தப் பெயர்க்காரி எப்படிப் போவாள் என்று மட்டும் தோன்றவில்லையே, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. அவர் பக்கத்தில் உட்கார்ந்து ஒரே ஒரு முறை, ஐந்து நிமிடம் போக வேண்டும் என்பதற்கு மேல் நான் இந்தக் கல்யாணத்தில் எதுவும் கேட்கவில்லை. ஆகவே தயவுசெய்து வாருங்கள். வந்து அவரிடம் உங்கள் குரலில் பேசுங்கள். உங்கள் முழங்காலுக்குக் குணமும், உங்கள் வலைகளுக்கு நிறைவும், உங்கள் வீட்டுக்கு எல்லா நலமும் புனித அந்தோணியார் அருளட்டும். அம்மா தன் அன்பையும், உங்களிடம் வாங்கிய மீன் சட்டியைத் திருப்பித் தராததற்கு வருத்தத்தையும் தெரிவிக்கச் சொன்னாள்.

ஆற்றாமையுடன், உங்கள்
எலெத்ரா

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்கு முன், அவர் கழற்றிய போல்ட்டுகள் பத்திரமாக இருக்கின்றனவா என்று பார்க்கக் கராஜுக்குப் போனேன். வெயிலுக்குப் பயந்து பீப்பாய்களை மச்சுக்கே ஏற்றியிருந்தார். பெட்டி காலியாகக் கிடந்தது. கஷ்கொட்டைப் பீப்பாயின் தொட்டிலில் சும்மா உட்கார்ந்து பார்த்தேன். காலை நீட்டினேன். முன்இருக்கை இல்லாததால் கால் போய்க்கொண்டே இருந்தது, எதிலும் இடிக்கவில்லை. அந்தக் காரில் என் கால் எங்கே முடிகிறது என்று எனக்கு இன்றுதான் தெரிந்தது. கையில் புத்தகம் இருந்ததால் ஒரு அத்தியாயம் படித்தேன். நிமிர்ந்தால் அப்பா கராஜ் வாசலில் நிற்கிறார். வெகுநேரமாக நின்றிருப்பார் போல.

“இத்தன வருஷமும் காலு நீட்ட எடமே இல்லாமயா உக்காந்திருந்தே?”

“ஆமாப்பா.”

“சொல்லியிருக்கலாமேடி.”

“சொன்னேனேப்பா.”

“சத்தமா சொல்லியிருக்கணும். இஞ்சின் சத்தத்துல எனக்கு எங்க கேக்கும்?” என்றவர், எண்ணெய்த் துணியால் கண்ணைத் துடைத்து, முகமெல்லாம் கறையாக்கிக்கொண்டார். பிறகு பீப்பாய்க்கு வைத்த தோல் பட்டையை எனக்கு மாட்டிப் பார்த்தார், கச்சிதமாகப் பொருந்துகிறது. இப்போது ஸ்பானரோடு நின்றுகொண்டு முன்இருக்கையை மாட்டியே தீருவேன் என்கிறார். நான்தான் விடவில்லை. பின்னால் சாய்ந்து உட்கார்ந்தால் கவுன் முன்பக்கம் முழுவதும் விரிந்து கிடக்கும், ஒரு மடிப்புக்கூடக் கசங்காது. ஆகவே அவர் காதை இந்த முறை விட்டுவிடுங்கள்.

ஆனால் கட்டாயம் வாருங்கள், மீன் வண்டியோடு. நான் ஏறிவிட்டதால் பீப்பாய்களுக்குக் காரில் இடமில்லை. உங்கள் வண்டி எங்கள் காரை ஒட்டியே வாசல் தாண்டினால் போதும் என்று அப்பா ஒப்புக்கொண்டுவிட்டார். விலாங்கைப் பற்றித் தான் எதுவுமே சொல்லவில்லை என்றும் சொல்லச் சொன்னார். வண்டியை மட்டும் வாசனை போக நன்றாகக் கழுவ வேண்டுமாம். அதற்குக் கடை வினிகர் போதும் என்கிறாள் அம்மா. மிர்கோ பாட்டில் பாட்டிலாக வாங்கி வருவார்.